மூன்றாம் புத்தகத்தில் இருந்த அத்தை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நிலம் யாருக்கு உரியது என்று கேட்டால், "பட்டா எங்க பேர்ல இருக்கு" என்பார்கள். "பாகம் பிரிச்சு நாப்பது வருசமாச்சு" என்பார்கள். இரண்டுக்கும் எதிர்க்கேள்வி கேட்க ஆள் உண்டு. "தாத்தா உயில் எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டால் மட்டும் பேச்சு அதோடு அடங்கிவிடும். அந்த உயிலைப் பார்த்தது யார், அது பதிவானதா, எந்த ஊரில் பதிவானது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் செத்தவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பெண்மக்கள் கேட்டால் பிறந்த வீட்டு வாசலே அடைபட்டுவிடும்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு வாக்கியத்தின் பேரில் என் அத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாய் திறக்காமல் இருந்தார். அப்பாவுக்கு ஒரே தங்கை அவர். "உனக்குப் போட்ட நகையும் செஞ்ச சீரும்தான் உன் பங்கு. மிச்சமெல்லாம் ஆம்பளப் பிள்ளைகளுக்குன்னு அய்யா உயில்ல எழுதிட்டாரு" என்று அப்பாவும் சித்தப்பாவும் சொன்னார்கள். அத்தை நம்பினார். அதைக் கேட்டே வளர்ந்த நானும் நம்பினேன். பின்னாளில் அந்த உயிலைத் தேடி, முத்திரை வைத்த நகலாகக் கையில் வாங்கிப் படித்தபோது அதில் வேறு விதமாக எழுதியிருந்தது. எப்படித் தேடினேன், என்ன கிடைத்தது, அதன்பின் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் என் அத்தையைப் போல இருப்பவர்கள் நிறையப் பேர்.

தாத்தா கம்பம்மெட்டு வழியாக மலையேறி ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் இரண்டு வகை நிலம் வாங்கினார். ஒன்று பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு எங்கள் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் பூமி என்று 14,707 ஏக்கரைச் சொல்வார்கள். அதில் துண்டு நிலம் வைத்திருப்பவருக்கே ஊரில் தனி மதிப்பு. இன்னொன்று மேற்கே மலையடிவாரத்தில் மானாவாரிப் புஞ்சை. சோளமும் மொச்சையும் போட்டு, மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் தரிசு என்று கிடந்த நிலம். தாத்தா அதில் ஒரு கிணறு வெட்டினார். பிறகு மோட்டார் வந்தது. அதன்பின் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, திராட்சைப் பந்தல் வந்தது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான் எங்கள் பந்தலிலும் காய்த்தது. ஒரு காலத்தில் யாரும் சீண்டாத புஞ்சை, நஞ்சையைவிட அதிகப் பணம் கொடுக்கும் நிலமாக மாறியது. நான் மதுரையில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தது அந்தப் பந்தல் காசில்தான்.

அப்பா காலமான பிறகு தம்பி பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்தான். என்னிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டான். நான் மனப்பூர்வமாகச் சம்மதித்தேன். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தேன். தாத்தா கிரயம் வாங்கிய பத்திரம் இருந்தது. பிறகு நேராக அப்பா, சித்தப்பா பெயரில் கூட்டுப் பட்டா. நடுவில் எதுவும் இல்லை. "தாத்தா எழுதிய உயில் வில்லங்கச் சான்றில் இல்லையே?" என்று கேட்டேன். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "உயில் வில்லங்கத்துல வராதும்மா. அது மூணாம் புக்கு."

நான் இந்தத் தேடலுக்குள் வந்தது அந்த ஒரு பதிலால். அதை நம்மவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் தனித்தனிப் புத்தகங்கள் உண்டு. கிரயம், அடமானம், தானம், பாகப் பிரிவினை என்று நிலம், வீடு சம்பந்தமான பத்திரங்கள் முதல் புத்தகத்தில் ஏறும். நாம் மனுப் போட்டு வாங்கும் வில்லங்கச் சான்று இந்த முதல் புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்து எழுதப்படுவது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். ஆகவே, வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், உயில் எதுவும் இல்லை என்று சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. எத்தனை வருடத்துக்கு வில்லங்கம் எடுத்தாலும் உயில் அதில் தெரியாது.

முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம். மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் தருவார்கள். அது நியாயம்தான். உயிரோடு இருப்பவரின் மனதில் இருப்பதை மற்றவர் துருவக் கூடாது. ஆனால் எழுதியவர் இறந்துவிட்டால், விண்ணப்பிக்கிற எவருக்கும் நகல் உண்டு என்கிறது அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு. மகனாக இருக்க வேண்டியதில்லை, பட்டாதாரராக இருக்க வேண்டியதில்லை, அண்ணன் சம்மதம் வேண்டியதில்லை. இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தை நாம் புரட்ட முடியாது. தேடுவது பதிவு அலுவலரின் வேலை. அவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும் நகல், மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு நீதிமன்றத்திலும் சாட்சியாகும்.

நான் முதலில் செய்தது தாத்தாவின் இறப்புச் சான்று வாங்கியது. அவர் இறந்தது 1978-இல், கிராமத்தில். பழைய மரணங்களின் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கே மனுக் கொடுத்தேன். தாத்தாவின் சாவை யாரோ பொறுப்பாகப் பதிந்திருந்தார்கள். பதியாமல் விட்டுப்போய் ஓராண்டு கடந்திருந்தால் கோட்டாட்சியர் ஆணை வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கும். அந்தச் சான்றோடு எங்கள் வட்டாரச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், தாத்தா பெயரில் மூன்றாம் புத்தகத்தில் தேடித் தரச் சொல்லி மனுக் கொடுத்தேன். அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வந்தது.

இங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். நானும் சோர்ந்துபோனேன். "அதான் சொன்னேன்ல, அதெல்லாம் அப்பவே முடிஞ்ச கதம்மா" என்றார் சித்தப்பா. ஆனால் கிரயப் பத்திரத்துக்கு இருக்கும் எல்லைக் கட்டுப்பாடு உயிலுக்கு இல்லை. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட அலுவலகத்தில்தான் கிரயம் பதியலாம். உயிலை எழுதியவர் எந்தச் சார்பதிவாளர் முன்பும் பதியலாம். முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். இன்ன நாளுக்குள் பதிய வேண்டும் என்ற கெடுவும் இல்லை. எழுதியவர் இறந்த பிறகுகூடப் பதிவுக்குக் கொண்டுபோகலாம். மூடி முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. அதற்கு ஐந்தாம் புத்தகம் என்று தனிப் புத்தகமே இருக்கிறது. ஒப்படைத்தவர் இறந்தபின் யாராவது விண்ணப்பித்தால் அவர் முன்னிலையில் உறையைப் பிரித்து, உள்ளே உள்ளதை மூன்றாம் புத்தகத்தில் எழுதுவார்கள். பதியவே இல்லையென்றாலும் உயில் உயில்தான். இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருந்தால் போதும்.

இங்கிலாந்தில் இந்தத் தேடலுக்கு ஒரே வாசல்தான். 1858 முதல் அங்கே புரோபேட் பெற்ற உயில்கள் எல்லாம் ஒரே பதிவகத்தில் சேர்ந்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் பெறலாம். அமெரிக்காவில் கவுண்டி நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு வாங்குவார்கள். உயில் மெய்யானது என்று நீதிமன்றம் சான்று கொடுப்பதே புரோபேட். நம் நாட்டிலும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அது உண்டு, மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்ய வேண்டும். ஆனால் இந்துக்கள் விஷயத்தில் அதைக் கட்டாயமாக வைத்திருந்தது சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற இடங்களுக்குத்தான். தேனிப் பக்கத்து இந்துக் குடும்பம் ஒன்றின் உயில் நீதிமன்ற வாசலையே மிதிக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கலாம். அது பீரோவில் இருக்கலாம், ஏதோ ஓர் ஊர் சார்பதிவாளரின் மூன்றாம் புத்தகத்தில் இருக்கலாம், அல்லது வேறு ஏதாவது வழக்கின் கட்டுக்குள் இருக்கலாம். எங்கள் தாத்தாவின் உயில் இருக்கும் இடத்தை ஒரு பழைய வழக்குதான் காட்டிக் கொடுத்தது.

சின்ன வயதில் "கிணத்துக் கேசு" என்று ஒன்றைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்வார்கள். புஞ்சைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் கிணற்றில் தனக்கும் பங்கு உண்டென்று சொன்னதால் அப்பா 1982-இல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்த வழக்கின் தீர்ப்பு நகல் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இல்லை. வக்கீல் கட்டணம் வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு மட்டும் இருந்தது. அதன் மூலையில் அசல் வழக்கு எண் குறிக்கப்பட்டிருந்தது. எண் இல்லாவிட்டாலும் வழி இருந்திருக்கும். பெயரும் தோராயமான ஆண்டும் தெரிந்தால் நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேட்டில் தேடலாம். இப்போதைய வழக்குகளை இணையத்தில் பெயர் போட்டே தேட முடிகிறது. அந்தக் காலத்து வழக்குக்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். மாவட்ட நீதிபதி முன் நடந்த வழக்கு என்றால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1 முதல். அதற்கு முந்தைய வழக்குகளின் தடம் மதுரையில் இருக்கும்.

எங்களுடையது முன்சீப் கோர்ட் வழக்கு. வக்கீல் குமாஸ்தா ஒருவர் நகல் மனு எழுதக் கற்றுக் கொடுத்தார். வழக்கு எண், ஆண்டு, வாதி பிரதிவாதி பெயர், தீர்ப்பான தேதி, என்னென்ன ஆவணத்துக்கு நகல் வேண்டும் என்பதையெல்லாம் எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். வழக்கில் நாம் தரப்பினர் இல்லையென்றால் எதற்காகக் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். நான் வாதியின் மகள் என்று வாரிசுச் சான்றைச் சேர்த்தேன். மனு பதிவறைக்குப் போய்க் கட்டு தேடப்பட்டு வரும்வரை காத்திருந்தேன். பழைய வழக்குகளில் எல்லாத் தாள்களும் என்றென்றும் இருப்பதில்லை. விதிப்படி காலம் முடிந்தவற்றை அழித்துவிடுவார்கள். தீர்ப்பும் தீர்ப்பாணையும்தான் நெடுநாள் நிற்பவை. நல்லவேளையாகத் தீர்ப்பு இருந்தது.

தீர்ப்பு நகலைப் படிக்கிறவர்கள் முடிவைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். குமாஸ்தா அண்ணன் கடைசித் தாளைத்தான் முதலில் திருப்பினார். தீர்ப்பின் முடிவில் இரு தரப்புச் சான்றாவணங்களின் பட்டியல் இருக்கும். "வா.சா.ஆ." என்று ஆரம்பிப்பவை வாதி தரப்பு ஆவணங்கள். அதில் மூன்றாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினார். தாத்தா பெயர், 1974-ஆம் ஆண்டுத் தேதி, "பதிவு உயில்" என்ற வார்த்தை. பக்கத்தில் பதிவு எண்ணும் மதுரையில் உள்ள ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் இருந்தன. தாத்தா அந்த வருடம் வைத்தியத்துக்காக மதுரையில் தங்கியிருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எண்ணும் ஆண்டும் கையில் இருந்ததால் மதுரையில் தேடுவது சுலபமாக இருந்தது. அந்த உயிலுக்கு நகல் கேட்டதோடு, 1974 முதல் தாத்தா இறந்த 1978 வரை அவர் பெயரில் வேறு உயிலோ, உயிலை ரத்து செய்யும் பத்திரமோ உண்டா என்றும் தேடச் சொல்லி மனுக் கொடுத்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும். உயில் எழுதியவர் சாகும்வரை அதை மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். தாத்தா வேறு எதுவும் அங்கே எழுதிப் பதியவில்லை.

நகல் கைக்கு வந்த அன்று அலுவலக வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நின்றே படித்தேன். "யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடும் நல்ல புத்தியோடும்" என்று வழக்கமான தொடக்கம். நஞ்சை முழுவதும் மகன்கள் இருவருக்கும் சரிபாதி. மேற்கேயுள்ள புஞ்சையில் வடபுறம் இரண்டு ஏக்கரும், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், தண்ணீர் இறைக்கும் முறையும் மகளுக்கு, "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது." உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மூத்த மகனுக்கு. அந்த மூத்த மகன் என் அப்பா.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கேள்விப்பட்டுத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லிச் சமாதானம் அடைய எனக்கு வழியில்லாமல் போயிற்று. இதே உயிலை 1982-இல் நீதிமன்றத்தில் காட்டித்தான் பக்கத்து நிலத்துக்காரரிடமிருந்து கிணற்றைக் காப்பாற்றியிருக்கிறார். வெளியாளிடம் காட்டிய காகிதத்தைத் தங்கையிடம் காட்டவில்லை. பிறகு யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, அனுபவத்தில் இருப்பவர்கள் என்று அண்ணன் தம்பி இருவர் பெயரும் கூட்டுப் பட்டாவில் ஏறிவிட்டது. அத்தை பெயர் எங்கும் இல்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நகலை அத்தையிடம் காட்டாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அப்பா இறந்துவிட்டார். அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் மனதில் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்ற நினைத்தது அத்தையின் நிம்மதியை அல்ல, என் அப்பாவின் பெயரை. அதைவிடவும், என் விடுதிக் கட்டணமும் புத்தகமும் புதுத் துணியும் யாருடைய இரண்டு ஏக்கரிலிருந்து வந்தன என்ற கேள்வி என் முன்னால் வந்து நிற்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பா இதே காரணங்களைச் சொல்லித்தான் ஆண்டுக்கணக்கில் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார் என்று தோன்றியபோது, அந்த நினைப்பை விட்டேன்.

அத்தையிடம் போனேன். "என்னத்துக்குத் தாயி இப்ப அந்தக் காயிதம்? எங்கண்ணன் பொய் சொல்லுவாரா?" என்றார். நான் பதில் சொல்லாமல் உயிலை வாசித்தேன். அவர் பங்கு வரும் இடத்தில் நான் தயங்கியபோதும் அவர் எதுவும் கேட்கவில்லை. சொத்து விவரத்தில் செக்குபந்தி வந்தது: ஓடைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, புளியமரம் நிற்கும் கரைக்கு வடக்கு. அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஓடைக்கரையில நான் களை எடுத்திருக்கேன். அந்தப் புளியமரத்த வெட்டிட்டாய்ங்க. வண்டிப்பாத இப்ப தார் ரோடு" என்றார். ஒவ்வொரு எல்லையும் அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபடி ஒருமுறை அந்தப் பகுதியை மட்டும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அய்யா என்னைய மறக்கல" என்றார். அண்ணனைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வக்கீலிடம் கேட்டோம். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். பதிவான உயில் என்பதாலேயே அது செல்லும் என்று ஆகிவிடாது. மறுத்தால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது நீதிமன்றத்துக்கு அழைத்து மெய்ப்பிக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் இறந்துவிட்டால் அவர்கள் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் வேண்டும். நிலத்தை வெளிப்படையாகத் தமக்கே உரியதென்று 12 ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்தவர்கள் எதிரிடை அனுபவம் என்று வாதாடவும் இடம் இருக்கிறது. காலம் கடந்ததன் விலை அதுதான். அத்தை 1980-களிலேயே இந்த நகலை வாங்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலையில்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வலித்தது. உயிலே இல்லாதிருந்தாலும் அத்தைக்குப் பங்கு உண்டு. தாத்தாவின் சொத்து அவர் சொந்தச் சம்பாத்தியம். அப்படிப்பட்ட சொத்தில், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பெண்களுக்குப் பங்கு 1989-இல் வந்தது, 2005-இல் வந்தது என்று நாம் பேசுவதெல்லாம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. என் அத்தையை வெறுங்கையோடு அனுப்ப "உயில் இருக்கிறது" என்று சொல்வதைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது. அவருக்கு நிலம் கொடுத்த காகிதத்தின் பெயரைச் சொல்லியே அவரை ஒன்றுமில்லாதவராக ஆக்கிவிட்டார்கள்.

நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. உயில் நகலைப் பிரதி எடுத்து வீட்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். தம்பி படித்துவிட்டு, அத்தை பங்கு அத்தைக்கே என்று அன்றே சொன்னான். சித்தப்பா பல நாள் என்னிடம் பேசவில்லை. "செத்தவன் மானத்த வாங்கிட்டியே" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் திருப்பிப் பேசவில்லை. பிறகு அவர் பிள்ளைகளே அவரை உட்கார வைத்துப் பேசினார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, நிலத்தை அளந்து, உட்பிரிவு செய்து, அத்தை பெயருக்குப் பட்டா வந்தது. இரண்டு ஏக்கரும் முழுதாக வரவில்லை. தார் ரோட்டை ஒட்டிய பகுதியை அப்பாவும் சித்தப்பாவும் முன்பே கிரயம் செய்துவிட்டிருந்தார்கள். அதை வாங்கியவர் வீடு கட்டிக் குடியிருக்கிறார். அதற்கு ஈடாகத் தம்பி தன் பங்கிலிருந்து பணம் கொடுத்தான். இத்தனை ஆண்டு விளைச்சலுக்கு ஈடு எதுவும் கொடுக்கப்படவில்லை, கொடுக்கவும் முடியாது.

அப்பாவை என்னால் வெறுக்க முடியவில்லை. பந்தல் போட வாங்கிய கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அவர் தலையில் இருந்தன என்பது எனக்குத் தெரியும். அவர் செய்தது அநியாயம் என்பதும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டே அவர் படத்துக்கு மாலை போடுகிறேன்.

இந்தத் தேடலில் நான் கற்றது ஒன்று உண்டு. நகல் கேட்பது சண்டை இல்லை. உயில் நம் பக்கம் இல்லை என்று தெரிந்தாலும் அது லாபம்தான். சந்தேகத்தோடு கூடப்பிறந்தவர்களைப் பார்க்க வேண்டியதில்லை. நம் பக்கம் இருந்தால், உரிமை. எப்படியானாலும் கேட்பவருக்கு நஷ்டம் இல்லை. கேட்டதால் குடும்பம் உடைந்தது என்றால், அது காகிதத்தால் உடைந்ததல்ல, மறைத்ததால் உடைந்தது.

அதனால் நம் பக்கத்து அத்தைகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் சொல்கிறேன். "உயில் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், என்ன எண் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இறந்தவரின் இறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு போய், மூன்றாம் புத்தகத்தில் தேடித் தரும்படி எழுத்தில் மனுக் கொடுங்கள். உள்ளூரில் இல்லையென்றால், அவர் வைத்தியத்துக்கும் வேலைக்கும் போய்த் தங்கிய ஊர்களில் தேடுங்கள். குடும்பத்தில் எப்போதாவது நிலத் தகராறு நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பின் கடைசித் தாளைப் படியுங்கள். யாருடைய அனுமதியும் வேண்டாம். எழுதியவர் இறந்துவிட்டால் அந்த நகலைக் கேட்கும் உரிமை 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு இருக்கிறது. காலம் கடத்தாமல் கேளுங்கள்.